ஆக்ஸ்ஹோம் தீவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ள சிறிய கிராமப் பகுதி ஆக்ஸ்ஹோம். வரைபடத்தில் அதைப் பார்ப்பவர்களுக்கு எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான்: இத்தனை நேரான வாய்க்கால்கள் ஏன், வேலியில்லாத வயல்கள் ஏன், கடலிலிருந்து விலகிக் கிடக்கும் நிலத்துக்குத் தீவு என்ற பெயர் எப்படி வந்தது? இந்த மூன்றுக்கும் விடை நிலத்தின் உயரத்தில் இருக்கிறது. இங்கே இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம்தான் ஒரு நிலம் உழவுக்கா, மேய்ச்சலுக்கா, பீட் என்ற கரிய சதுப்பு மண்ணை வெட்டுவதற்கா என்பதைத் தீர்மானித்தது. அந்த வித்தியாசத்தை யார் மாற்றலாம் என்பதற்காகத்தான் ஒரு நூற்றாண்டுச் சண்டையும் நடந்தது.

கடலே இல்லாத இடம் எப்படித் தீவு ஆனது?

நாற்புறமும் ஆறும் சதுப்பும் சூழ்ந்ததால். கிழக்கே டிரென்ட் ஆறு, தெற்கே ஐடில், வடக்கிலும் மேற்கிலும் டான் ஆற்றின் பழைய கிளைகள். மேற்குச் சதுப்பின் நடுவே டார்ன் என்ற சிற்றாறு. இவற்றுக்கு நடுவில் செம்மண் களிமேடு ஒன்று வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் உச்சி ஹாக்ஸி அருகே சுமார் 40 மீட்டர். சுற்றியுள்ள தாழ்நிலம் கடல் மட்டத்துக்கு மேல் 0 முதல் 3 மீட்டர்தான். வடிகால் வெட்டுவதற்கு முன் குளிர்காலம் வந்தால் தாழ்நிலம் முழுக்க நீரில் மூழ்கிவிடும், மேடு மட்டும் வெளியே தெரியும்.

உண்மையில் அது ஒரே தீவும் அல்ல. எப்வர்த், ஹாக்ஸி, பெல்டன் ஆகிய ஊர்கள் பெரிய மேட்டில் இருக்கின்றன. வடக்கே குரோல் தனி மேடு. மேற்கே ரூட் இன்னும் சிறிய தனித் திட்டு. 18ஆம் நூற்றாண்டில்கூட வெள்ளக் காலத்தில் எப்வர்த்திலிருந்து ரூட்டுக்குப் படகில்தான் போக வேண்டியிருந்தது.

நிர்வாக எல்லை எது?

பழைய காலத்தில் லிங்கன்ஷயரின் மேன்லி என்ற உட்பிரிவில் இருந்தது. 1894 முதல் 1974 வரை ஆக்ஸ்ஹோம் தீவு ஊரக மாவட்டம் என்ற தனி அமைப்பு இயங்கியது. 1974இல் ஹம்பர்சைடு என்ற புதிய மாவட்டத்துக்குள் போனது. அது 1996இல் கலைக்கப்பட்டபின் வடக்கு லிங்கன்ஷயர் நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. ஆவணம் தேடுபவர்கள் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்வது நல்லது. எந்த ஆண்டின் ஆவணம் என்பதைப் பொறுத்து அது எந்தப் பெயரின் கீழ் அடுக்கப்பட்டிருக்கிறது என்பது மாறும்.

இந்த நிலம் எப்படி உருவானது?

கடைசிப் பனியுகத்தில் ஹம்பர் முகத்துவாரத்தைப் பனிப்பாறை அடைத்தது. உள்ளே பெரிய ஏரி தேங்கியது. அந்த ஏரியின் அடியில் படிந்த களியும் மணலும்தான் இன்றைய சமவெளியின் அடித்தளம். பனி உருகியபின் ஆறுகள் அதில் பள்ளம் அறுத்தன. பிறகு கடல் மட்டம் ஏறியபோது ஆறுகளின் ஓட்டம் தளர்ந்து, காடாக இருந்த தாழ்நிலம் நனைந்து அழுகியது. செடிகொடிகள் மக்கி முடியாமல் அடுக்கடுக்காகப் படிந்தன. அந்தக் கரிய மண்தான் பீட்.

பீட்டுக்குள் பழைய காடு அப்படியே புதைந்திருக்கிறது. பைன், ஓக் மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் வாய்க்கால் வெட்டும்போது வெளிப்படுகின்றன. ஹாட்ஃபீல்டைச் சேர்ந்த ஏப்ரகாம் டி லா பிரைம் என்ற பாதிரியார் 1700 வாக்கிலேயே இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அவருடைய குடும்பமே வடிகால் வேலையோடு இங்கு குடியேறிய ஃபிளாண்டர்ஸ்காரர்களின் வழிவந்தது. 2004இல் ஹாட்ஃபீல்டு சதுப்பில் பைன் கட்டைகளை அடுக்கிப் போட்ட புதிய கற்காலப் பாதை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு மேல். 1747இல் ஆம்காட்ஸ் ஊர்ச் சதுப்பில் தோல் செருப்போடு ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. ரோமானியர் காலத்துச் செருப்பு அது. பீட்டில் காற்றும் ஆக்சிஜனும் புகாததால்தான் இவையெல்லாம் கெடாமல் இருந்தன. பீட் காய்ந்தால் இந்தச் சாட்சியங்களும் போய்விடும்.

வடிகால் வெட்டுவதற்கு முன் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

வசதியாகவே பிழைத்தார்கள். சதுப்பு என்றால் வீண் நிலம் என்று நினைப்பது வெளியாட்களின் பார்வை. மேட்டில் தானியம் விளைந்தது. தாழ்நிலத்தில் கோடை முழுதும் மாடு, குதிரை, ஆடு மேய்ந்தன. 1086இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இந்தப் பகுதியின் மீன்பிடி உரிமைகள் வரிசையாகப் பதிவாகியுள்ளன. விலாங்கு, நீர்ப்பறவை, கூரைக்கு நாணல், அடுப்புக்கு பீட் எல்லாம் பொது நிலத்திலிருந்து வந்தன. சணலும் ஆளியும் பயிரிட்டுக் கயிறும் சாக்குத் துணியும் நெய்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மேட்டில் இரண்டு மூன்று ஏக்கர் இருந்தாலே போதும், மிச்சத்தைப் பொது நிலம் கொடுத்தது.

இன்னொன்றையும் ஊர்க்காரர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். குளிர்கால வெள்ளம் கொழுத்த தண்ணீர், அது வண்டலை விட்டுப் போகும், அடுத்த கோடையில் புல் செழிக்கும். வடிகால் வந்தபின் வருவது வெறுந்தண்ணீர் என்று அவர்கள் 1650களில் எழுத்தில் புகார் செய்தார்கள். அதில் உண்மை உண்டு. வண்டல் நிலத்துக்கு என்ன செய்யும் என்பது கீழே வண்டலேற்றம் பற்றிய பதிலில் வருகிறது.

மோப்ரே பத்திரம் என்பது என்ன? ஏன் அதற்கு இத்தனை முக்கியத்துவம்?

நார்மன் காலத்திலிருந்து தீவின் பெரும்பகுதி மோப்ரே பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. டிரென்ட் கரையில் ஓஸ்டன் ஃபெர்ரியில் அவர்களுடைய கோட்டையின் மண்மேடு இன்னும் நிற்கிறது. 1173-74 கலகத்தில் ரோஜர் டி மோப்ரே அரசருக்கு எதிராகச் சேர்ந்ததால் கோட்டை இடிக்கப்பட்டது.

1359 வாக்கில் ஜான் டி மோப்ரே எப்வர்த் பண்ணையத்தின் குடியானவர்களுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதன் சாரம்: பொது நிலத்தில் தான் ஏற்கெனவே வேலியிட்டுச் சொந்தமாக அடைத்துக்கொண்டது போக, இனித் தானோ தன் வாரிசுகளோ எதையும் அடைக்க மாட்டோம், மேய்ச்சல், பீட், மீன் ஆகிய உரிமைகள் குடியானவர்களுடையவை. அந்தப் பத்திரத்தை இரும்புப் பட்டையடித்த பெட்டியில் ஹாக்ஸி தேவாலயத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவிகள் ஊர்ப் பெரியவர்களிடம்.

பிற்காலத்தில் பண்ணையம் அரசரின் கைக்குப் போனது. அரசர் மோப்ரேயின் இடத்தில் இருப்பவர் என்றால் மோப்ரேயின் வாக்கும் அவரைக் கட்டும் என்பதுதான் ஊர்க்காரர்களின் வழக்கு. இங்கிலாந்தின் பல சதுப்பு ஊர்களுக்குப் பழக்க உரிமை மட்டுமே இருந்தது. எப்வர்த்துக்கு எழுத்திலேயே இருந்தது. அதனால்தான் இங்கே சண்டை இத்தனை நீண்டது.

வெர்மைடன் சரியாக என்ன செய்தார்? எங்கே பிசகினார்?

கார்னேலியஸ் வெர்மைடன் ஹாலந்து நாட்டு வடிகால் பொறியாளர். 1626 மே மாதம் அரசர் முதலாம் சார்லஸோடு ஒப்பந்தம் போட்டார். ஹாட்ஃபீல்டு சேஸ் என்ற அரச வேட்டைக்காடும் அதையொட்டிய ஆக்ஸ்ஹோம் சதுப்புகளும் சேர்த்து சுமார் 70,000 ஏக்கரை உலர்த்த வேண்டும். உலர்ந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கும் முதலீட்டாளர்களுக்கும், ஒரு பங்கு அரசருக்கும், ஒரு பங்கு ஊர்க்காரர்களுக்கும்.

வேலையின் அடிப்படை, சதுப்புக்குள் அலைந்துகொண்டிருந்த மூன்று ஆறுகளையும் சுற்றுப்பாதையில் தள்ளுவது. ஐடில் ஆற்றை ஐடில் ஸ்டாப் என்ற இடத்தில் கரை போட்டு அடைத்து, பைகார்ஸ் டைக் வழியாக வெஸ்ட் ஸ்டாக்வித்தில் டிரென்டில் சேர்த்தார். டார்ன் ஆற்றுக்குக் கரையெழுப்பி நேர்க்கோடாக ஆல்தார்ப் பக்கம் வெட்டினார். டான் ஆற்றின் கிழக்குக் கிளையை அடைத்து, முழு நீரையும் வடக்குக் கிளை வழியே ஏர் ஆற்றுக்கு அனுப்பினார். இரண்டே ஆண்டுகளில் முடிந்ததாக அறிவித்தார், 1629இல் அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது.

பிசகுகள் மூன்று.

முதலாவது, டான். இரண்டு கிளைகளில் ஓடிய நீரை ஒரே கிளை தாங்கவில்லை. ஃபிஷ்லேக், சைக்ஹவுஸ் ஆகிய யார்க்ஷயர் ஊர்கள் மூழ்கின. தன் பக்கத்து நிலத்தைக் காக்கக் கரை போட்டார், எதிர்ப்பக்கத்து ஊர்களின் மீது நீர் ஏறியது. அவர்கள் விடாமல் வழக்காடியதால் 1630களின் முற்பகுதியில் கூல் வரைக்கும் புதிய ஆறே வெட்ட வேண்டியதாயிற்று. டச்சு ரிவர் என்று அது இன்றும் அழைக்கப்படுகிறது. கூல் துறைமுகம் பின்னால் வளர்ந்தது அதன் வாயில்தான்.

இரண்டாவது, வெளியேற்றம். தாழ்நிலம் 0 முதல் 3 மீட்டர் உயரம். டிரென்டில் அமாவாசை, பௌர்ணமி ஓதம் (கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி இறங்கும் நீர்) கீட்பி அருகே 4 முதல் 5 மீட்டர் வரை ஏறும். மதகுக் கதவுகள் ஓதம் ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும், இறங்கும்போது உள்நீரின் அழுத்தத்தால் திறக்கும். ஆக ஒரு நாளில் சில மணி நேரமே நீர் வெளியேற முடியும். மேல்நாட்டில் மழை பெய்து டிரென்ட் பெருகினால் நாள்கணக்கில் கதவு திறக்காது. கதவுக்கு வெளியே வண்டல் படிந்து அடைத்துக்கொள்வது தனித் தொல்லை.

மூன்றாவதை அன்று யாரும் கணிக்கவில்லை. பீட் உலர்ந்தால் சுருங்கும், காற்றுப் பட்டால் கரைந்தே போகும். வடிகால் நன்றாக வேலை செய்யச் செய்ய நிலம் தாழ்ந்துகொண்டே போனது, வாய்க்காலின் சரிவு குறைந்தது.

ஊர்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள்? என்ன ஆயிற்று?

எப்வர்த் பண்ணையத்தின் பொது நிலம் சுமார் 13,400 ஏக்கர். பங்கீட்டில் அதில் சுமார் 7,400 ஏக்கர் வடிகால்காரர்களிடம் போனது. மிச்சத்தை வைத்து முன்பு போல மாடு வளர்க்க முடியாது. பத்திரத்தில் எழுதிய வாக்கு மீறப்பட்டது என்பதும் உண்மை.

1628 கோடையில் தொடங்கி வேலையாட்களை விரட்டுவது, கரையை உடைப்பது, கருவிகளை எரிப்பது என்று தொடர்ந்தது. உள்நாட்டுப் போர் வெடித்தபோது, 1642-43 குளிர்காலத்தில், ஓஸ்டன் ஃபெர்ரி அருகே ஸ்னோ சூவர் மதகை உடைத்து ஏறுகிற ஓதத்தை உள்ளே விட்டார்கள். சுமார் 4,000 ஏக்கர் மூழ்கியது. ஓதம் ஏறும்போது திறப்பதும் இறங்கும்போது மூடுவதுமாகத் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். மதகு எப்படி வேலை செய்கிறது என்பதை வடிகால்காரர்களைவிட அவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

1650-51இல், மக்களின் சம உரிமைக்காகப் போராடிய லெவலர் இயக்கத்தின் தலைவர்கள் ஜான் லில்பர்னும் ஜான் வைல்ட்மேனும் அவர்களுக்குத் துணையாக வந்தார்கள். வழக்கை நடத்தியவர் டேனியல் நாடல் என்ற வழக்கறிஞர். உதவிக்குப் பதிலாக நிலம் தருவதாக ஒப்பந்தம் ஆனது. வேலி எரிப்பும் வழக்கும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஓயவில்லை.

இதைப் படிப்பறிவில்லாத கூட்டத்தின் கலவரம் என்று எழுதுவது தவறு. பத்திரம், வழக்கறிஞர், பொது நிதி, முறை வைத்துக் காவல் என்று திட்டமிட்டு நடத்திய தற்காப்பு அது.

சாண்ட்டாஃப்டில் குடியேறியவர்கள் யார்?

வெர்மைடனின் முதலீட்டாளர்களிடம் நிலம் குத்தகைக்கு எடுத்த டச்சு, வல்லூன், பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் குடும்பங்கள். சாண்ட்டாஃப்டில் தங்களுக்கென்று தேவாலயம் கட்டி, தங்கள் மொழியிலேயே வழிபட்டார்கள். 1650களின் கலகத்தில் வீடுகளும் பயிரும் அழிந்தன, தேவாலயமும் சூறையாடப்பட்டது. பலர் வேறு சதுப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தார்கள். ஊர்க்காரர்களின் நியாயம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் இந்தக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை மறைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அவர்கள் அல்ல.

வார்ப்பிங் எனப்படும் வண்டலேற்றம் எப்படிச் செய்யப்பட்டது?

ஹம்பர் முகத்துவாரத்து நீர் எப்போதும் கலங்கிக் கிடக்கும். அந்தக் கலங்கலை வேண்டுமென்றே வயலுக்குள் விட்டுப் படியவைப்பதுதான் வார்ப்பிங். 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டில் உச்சம் கண்டது.

முதலில் டிரென்ட் அல்லது ஊஸ் கரையில் மதகு கட்டி, அங்கிருந்து வயல் வரை அகன்ற வாய்க்கால் வெட்டுவார்கள். இது மைல்கணக்கில் நீளும். ஸ்வைன்ஃபிளீட் வார்ப்பிங் டிரெயின் வரைபடத்தில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. பிறகு நிரப்ப வேண்டிய நிலத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி அறைகளாகப் பிரிப்பார்கள். பெரிய ஓத நாட்களில் மதகைத் திறந்தால் கலங்கல் நீர் அறைக்குள் பரவும். நீர் நின்றவுடன் வண்டல் கீழே இறங்கும். ஓதம் இறங்கும்போது தெளிந்த நீர் அதே வழியில் திரும்பும். ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டர்தான் படியும். இப்படி ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் விட்டால் 1 முதல் 3 அடி கனத்துக்குப் புது மண் கிடைக்கும். பீட் சதுப்பு நல்ல வயலாகிவிடும்.

இதில் தவறக்கூடியவை ஏராளம். பருவம் முக்கியம்: கோடையின் வறண்ட மாதங்கள்தான் ஏற்றவை. வண்டல் மேல்நாட்டு ஆற்றிலிருந்து வருவதில்லை, முகத்துவாரத்திலிருந்து ஓதத்தோடு ஏறி வருகிறது. குளிர்காலத்தில் ஆற்றில் நன்னீர் பெருகினால் கலங்கல் கீழேயே தள்ளப்பட்டு, உள்ளே வருவது தெளிந்த நீராகிவிடும். அடுத்தது நுழைவாயில். ஒரே வாய் வழியாக விட்டுக்கொண்டே இருந்தால் அதன் அருகே கனமான மணல் குவியும், தூரத்து மூலைக்கு மெல்லிய சேறு மட்டும் போகும், வயல் சாய்ந்துவிடும். அதனால் உள்வாய்க்காலின் வாய்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரை பலவீனமாக இருந்தால் பக்கத்து வயலில் விளைந்து நிற்கும் பயிர் உப்புநீரில் அழியும். கடைசியாக உப்பு: புது வண்டலில் உடனே கோதுமை விதைத்தால் பொய்த்துப்போகும். மழை உப்பைக் கழுவும்வரை பொறுத்து, முதலில் ஓட்ஸும் குளோவர் போன்ற தீவனமும் விதைத்து, அதன்பிறகே கோதுமைக்கும் உருளைக்கிழங்குக்கும் போவார்கள்.

கூலி ஏறியதும் விளைபொருள் விலை சரிந்ததும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வேலையைக் குறைத்தன. ஆனால் வார்ப்பிங் செய்த நிலம் இன்றும் பகுதியின் தலைசிறந்த மண். வெள்ளம் கொழுப்பைக் கொண்டுவருகிறது என்று 1650களில் ஊர்க்காரர்கள் சொன்னதைத்தான் நிலவுடைமையாளர்கள் நூறாண்டுக்குப் பின் பெரும் செலவில் செய்து காட்டினார்கள்.

வேலியில்லாத பட்டை வயல்கள் எப்படி இன்றுவரை பிழைத்தன?

எப்வர்த், ஹாக்ஸி, பெல்டன் ஊர்களைச் சுற்றிய மேட்டில் நீளமான குறுகிய பட்டைகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நடுவில் வேலியும் இல்லை, வரப்பும் அநேகமாக இல்லை. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பொது வயல்களை வேலியிட்டுத் தனித்தனியாகப் பிரித்த 18, 19ஆம் நூற்றாண்டு அடைப்புச் சட்டங்கள் இந்த அமைப்பைத் துடைத்துவிட்டன. இங்கே 1795இல் வந்த சட்டம் எப்வர்த், ஹாக்ஸி, பெல்டன், ஓஸ்டன் ஆகிய நான்கு ஊர்களின் தாழ்வான பொது நிலத்தை மட்டும் பிரித்தது. மேட்டு வயல்களைத் தொடவில்லை.

காரணம், உடைமையாளர்களின் எண்ணிக்கை. பெரிய பண்ணையார் இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று சொந்தமாக வைத்திருந்த சிறு விவசாயிகள் நிறையப் பேர். அடைப்பு என்றால் ஆணையருக்கும் நில அளவையாளருக்கும் கூலி, வேலிக்குச் செலவு, சாலைக்கு நிலம் எல்லாம் கொடுக்க வேண்டும். அரை ஏக்கர்க்காரருக்கு அது கட்டுப்படியாகாது, ஆகவே ஒப்பவில்லை. பட்டைகளில் சணல், ஆளி, உருளைக்கிழங்கு என்று கைவேலை மிகுந்த பயிர்கள் விளைந்ததால் துண்டு சிறிதாக இருப்பதும் பெரிய குறையாகத் தெரியவில்லை.

அளவைப் புரிந்துகொள்ள: ஒரு ஏக்கர் பட்டை என்பது 220 கெஜம் நீளம், 22 கெஜம் அகலம், அதாவது சுமார் 201 மீட்டருக்கு 20 மீட்டர். அரை ஏக்கர் என்றால் 10 மீட்டர் அகலம், கால் ஏக்கர் என்றால் 5 மீட்டர். செயற்கைக்கோள் படத்தில் அளந்தால் பல பட்டைகள் இந்த அகலங்களுக்கு அருகில் வரும். சில பட்டைகள் இடவலம் மாறிய எஸ் வடிவில் வளைந்திருக்கும். நீண்ட ஏர்மாட்டு வரிசையைத் திருப்ப, உழவர் பட்டையின் முடிவுக்கு முன்பே வளைக்கத் தொடங்க வேண்டும். அந்த வளைவு தலைமுறை தலைமுறையாக நிலத்தில் பதிந்துவிட்டது.

இன்று ஆபத்து டிராக்டரின் அகலம். பக்கத்துப் பட்டைகளை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ ஒரே பயிர் போட்டால் எல்லைக்கோடு ஒரே பருவத்தில் மறைந்துவிடும்.

லாக்ஸ்டனும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டனில் மூன்று வயல்களுக்கும் பொதுவான பயிர்ச்சுழற்சியும் அதைக் கண்காணிக்கும் ஊர் நீதிமன்றமும் இன்னும் இயங்குகின்றன. ஆக்ஸ்ஹோமில் அமைப்பு போய்விட்டது, நிலத்தின் உருவம் மட்டும் எஞ்சியது. அவரவர் பட்டையில் அவரவர் விருப்பப் பயிர். அதனால் சட்டப் பாதுகாப்பு கொடுப்பதும் இங்கே கடினம்.

வெஸ்லி குடும்பத்துக்கும் இந்த நிலத்துக்கும் என்ன தொடர்பு?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1703இல் எப்வர்த்தில் பிறந்தார். அவர் தந்தை சாமுவேல் அங்கே பாதிரியார். 1709 பிப்ரவரியில் பாதிரியார் வீடு எரிந்தது, ஐந்து வயது ஜானை மாடிச் சன்னல் வழியாகத் தூக்கிக் காப்பாற்றினார்கள். மீண்டும் கட்டிய செங்கல் வீடு இப்போது அருங்காட்சியகம். 1720களின் இறுதியில் ஜான் ரூட்டில் தந்தைக்கு உதவிப் பாதிரியாராக இருந்தார்.

ஹாக்ஸி ஹூட் என்பது?

ஆண்டுதோறும் வழக்கமாக ஜனவரி 6 அன்று ஹாக்ஸியில் நடக்கும் கூட்டத் தள்ளுமுள்ளு விளையாட்டு. தோல் உருளை ஒன்றை நான்கு மதுக்கடைகளில் ஒன்றுக்குக் கொண்டுசேர்க்கத் திரளாகத் தள்ளுவார்கள். மோப்ரே சீமாட்டியின் முக்காடு காற்றில் பறந்ததாகவும், அதைப் பிடித்தவர்களுக்கு அவர் 13 ஏக்கர் கொடுத்ததாகவும் கதை. அது நடக்கும் இடமே பட்டை வயல்தான் என்பதால் நில வரலாறு படிப்பவர்கள் தவறவிடக் கூடாது.

பீட் சதுப்புகளின் இன்றைய நிலை என்ன?

பீட் வெட்டும் உரிமை இருந்த துண்டுகளில் எப்வர்த் டர்பரி, ஹாக்ஸி டர்பரி இரண்டும் இப்போது இயற்கைக் காப்பிடங்கள். மேற்கே தோர்ன் சதுப்பிலும் ஹாட்ஃபீல்டு சதுப்பிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைலாயத்தில் பரப்புவதற்காக டச்சு நிறுவனங்கள் பீட் வெட்டின. பிறகு தோட்டக்கலைக்காக எந்திரத்தால் வெட்டினார்கள். 2000களின் தொடக்கத்தில் அரசு உரிமையை வாங்கி வெட்டுவதை நிறுத்தியது. இப்போது ஹம்பர்ஹெட் பீட்லண்ட்ஸ் தேசிய இயற்கைக் காப்பகமாக அவற்றில் வடிகால்களை அடைத்து நீரைத் தேக்குகிறார்கள்.

கால்வாய், ரயில் ஏதும் மிச்சம் உண்டா?

ஸ்டெயின்ஃபோர்த்–கீட்பி கால்வாய் 1802 முதல் இருக்கிறது. ஆக்ஸ்ஹோம் கூட்டு ரயில்பாதையில் பயணிகள் வண்டி 1933 வரை மட்டுமே ஓடியது. உருளைக்கிழங்கு, கிழங்குவகை, பீட் ஆகியவற்றுக்காக சரக்கு வண்டி பின்னரும் ஓடியது. கீட்பியில் டிரென்டைக் கடக்கும் 1916ஆம் ஆண்டுத் தூக்குப்பாலம் சாலைக்கும் ரயிலுக்கும் பொது. அது இப்போது தூக்கப்படுவதில்லை.

இப்போது நீர் எப்படி வெளியேறுகிறது?

எந்திரத்தால். 1860களில் டர்ட்னெஸ்ஸில் நீராவி எஞ்சின் வந்தது. 1940இல் கீட்பியில் டீசல் எந்திர நிலையம் அமைந்தபின் மதகுக் கதவு திறக்காத நேரத்திலும் நீரை டிரென்டுக்குத் தூக்கிவிட முடிந்தது. எந்திரம் நின்றால் தாழ்நிலத்தின் பெரும்பகுதி மீண்டும் நனையும்.

வீட்டிலிருந்தபடியே இந்த நிலத்தை எப்படிப் படிப்பது?

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை லைடார் (விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த) உயரத் தரவுகளை இலவசமாகத் தருகிறது. 1 மீட்டர் நுணுக்கமுள்ள தரைமட்டக் கோப்பை இறக்கி க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறவுங்கள். தானாக வரும் வண்ண அளவு 40 மீட்டர் வரை நீளும், அதில் தாழ்நிலம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியும். அளவை 0 முதல் 6 மீட்டருக்குள் சுருக்கினால்தான் கதை வெளிப்படும். 1 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் பீட். டிரென்டை ஒட்டி 3, 4 மீட்டரில் நீளும் பட்டை ஆற்றின் இயற்கைக் கரை. ஓரம் நறுக்கினாற்போல் உயர்ந்து நிற்கும் செவ்வகங்கள் வார்ப்பிங் அறைகள். இவற்றின் கரையைப் பழைய வெள்ளக்கரை என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். வித்தியாசம் எளிது: வெள்ளக்கரைக்கு இருபுறமும் நிலம் ஒரே மட்டம், வார்ப்பிங் கரைக்கு ஒரு பக்கம் உயர்வு.

அடுத்து ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 1880களின் ஆறங்குல வரைபடத்தை (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) மேலே பொருத்துங்கள். குரோலுக்கு வடக்கே ஈஸ்ட்டாஃப்ட் ஊரைக் கவனியுங்கள். லிங்கன்ஷயர், யார்க்ஷயர் எல்லை ஊரின் நடுவே வளைந்து வளைந்து போகும். அதுதான் வெர்மைடன் அடைத்த டான் கிளையின் பழைய தடம். நேராகப் போனால் மனிதர் வெட்டியது, வளைந்தால் ஆறு.

எச்சரிக்கை ஒன்று: அந்த வரைபடத்தின் உயர எண்கள் லிவர்பூல் அடிமட்டத்திலிருந்து (உயரம் பூஜ்யம் என்று கொள்ளும் மட்டம்) அளந்தவை, இன்றைய எண்கள் நியூலின் அடிமட்டத்திலிருந்து. இரண்டையும் நேராகக் கழித்து பீட் இவ்வளவு தாழ்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

ஊர்ப்பெயர்களும் உதவும். முடிவில் ஈ, ஹோம் என்று ஒலிப்பவை திட்டுகள். கார் என்பது நனைந்த புதர்க்காடு, இங்ஸ் என்பது ஆற்றோரப் புல்வெளி.

மூல ஆவணங்கள் எங்கே உள்ளன?

அடைப்புத் தீர்ப்புகளும் தேவாலயப் பதிவுகளும் லிங்கனில் உள்ள லிங்கன்ஷயர் ஆவணக் காப்பகத்தில். வடிகால் அமைப்பான ஹாட்ஃபீல்டு சேஸ் கார்ப்பரேஷனின் தாள்கள் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். யார்க்ஷயர்ப் பக்கத்து ஊர்களுக்கு டான்காஸ்டர். 1752க்கு முந்தைய ஆவணங்களில் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி நாட்களில் ஆண்டு ஒன்று குறைவாக எழுதப்பட்டிருக்கும். வெஸ்லி வீடு எரிந்த ஆண்டை 1708 என்று சிலர் எழுதுவது இதனால்தான். ஸ்னோ சூவர் உடைப்புக்கும் அதே குழப்பம் உண்டு.

நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

ஏ161 சாலை குரோலிலிருந்து வந்து பெல்டன், எப்வர்த், ஹாக்ஸி ஊர்களைப் பெரிய மேட்டின் முதுகோடு இணைக்கிறது. பட்டைகளைப் பார்க்க ஜூன், ஜூலை சிறந்த காலம். அடுத்தடுத்த பட்டைகளில் வெவ்வேறு பயிர் நிற்பதால் எல்லை நிறமாகத் தெரியும். எப்வர்த்துக்கும் ஹாக்ஸிக்கும் இடையே பொது நடைபாதைகள் பட்டைகளின் ஓரமாகவே போகின்றன. வேலி இல்லை என்பதற்காகப் பயிருக்குள் இறங்கக் கூடாது. குளிர்காலத்தில் டிரென்ட் கரையில் ஓஸ்டன் ஃபெர்ரியிலிருந்து நடந்தால் ஒரு பக்கம் ஆற்று மட்டத்தையும் மறுபக்கம் வயல் மட்டத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். பெரிய ஓத நாட்களில் டிரென்டில் ஈகர் என்ற ஓத அலை மேல்நோக்கி வரும். ஓத அட்டவணை பார்த்துப் போங்கள், கரையின் மேலேயே நில்லுங்கள், நீரோரம் இறங்க வேண்டாம். பீட் சதுப்புகளில் குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். பாசி மூடிய பழைய வெட்டுப் பள்ளங்கள் திடமான தரை போலவே தோன்றும்.